ஊமைப் பொத்தான்

அன்று காலை பேக்கிங் ஹாலின் தரையில் படுத்திருந்தவர்கள்: மேனேஜர், இரவு ஷிப்டின் சூப்பர்வைசர் டார்ச் அக்கா, அவளுடைய தங்கச்சி புருஷனும் கிடங்கு முழுவதும் ‘மாப்பிள்ளை’ என்றே கூப்பிடுகிறவனுமான பேக்கிங் ஆள், டேப் சுருளை வளையல் போல மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு திரிகிற டேப்பம்மா, லாரி ஓட்டுகிற ஹாரன். உட்கார்ந்திருந்தவள் ஒருத்திதான், கிண்ணக்காரம்மா.

மெத்தை ஏது? மருந்துப் பெட்டிகளைப் பிரித்து அட்டையாக விரித்திருந்தார்கள். தலைக்குக் குமிழ் பிளாஸ்டிக்கைச் சுருட்டிக் கொடுத்திருந்தார்கள். யாராவது தலையைத் திருப்பினால் ‘டப்’ என்று ஒரு குமிழ் வெடித்தது. மன அமைதிக்கென்று கூட்டிய இடத்தில் அதுதான் முதல் சத்தம்.

மருந்துக் கிடங்கில் மன அமைதிக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. போன மாதம் ஓர் இரவில் குளிர் அறையின் கதவு விடிய விடியத் திறந்து கிடந்தது. உள்ளே அடுக்கியிருந்த இன்சுலின் அத்தனையும் சூடேறிக் கெட்டுப்போனது. அதை அள்ளிக் கொட்டிய நாளிலிருந்து கிடங்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, முதுகைத்தான் பார்த்தார்கள். தலைமை அலுவலகம் ஒரு ஆளைக் கேட்டுக்கொண்டிருந்தது. எந்த ஆள் என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. மேனேஜருக்குச் சண்டை சச்சரவு ஆகாது. அவருடைய மனைவி எங்கோ போய்ப் படுத்து எழுந்து வந்து, திபெத்துக் கிண்ணத்தின் நாதத்தில் மனசின் அழுக்கெல்லாம் கழன்று போகும் என்று சொல்லியிருந்தாள். ஆகவே, இரவு ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போய் விழ வேண்டியவர்கள் கிடங்கிலேயே விழுந்து கிடந்தார்கள்.

“அழுக்கு கழண்டு வரும்னா, யாரோட அழுக்குன்னு தெரிஞ்சு போயிடுமே,” என்றான் ஹாரன் படுக்கும்போதே. “அந்தக் கிண்ணத்துக்குள்ள மைக் இருக்கு. நான் எழுதித் தர்றேன்.”

“உன் வாய்க்கு மைக் எதுக்குடா? அடுத்த தெருவுல இருக்கிறவனுக்கே கேக்குது,” என்றாள் டேப்பம்மா.

“கண்ணை மூடுங்க,” என்றாள் கிண்ணக்காரம்மா. “எதையும் இறுக்கிப் பிடிச்சு வெச்சுக்காதீங்க. வந்தா வரட்டும், போனா போகட்டும்.”

வந்தால் வரட்டுமாம். டார்ச் அக்கா ஒரு கண்ணை மட்டும் மூடினாள். அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே அதற்காகத்தான். விளக்கு எரிகிற இடத்திலும் கையில் டார்ச்சோடு போய், ரேக்குக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அடித்துப் பார்க்கிறவள் அவள்.

சின்னக் கிண்ணங்கள் முதலில் ஒலித்தன. ஒவ்வொன்றும் ஒரு துணி வளையத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. தட்டினால் மெல்லிசாக ஒரு ரீங்காரம் எழுந்து, காதுக்குள் எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்து அடங்கியது. மேனேஜர் இரண்டாவது கிண்ணத்திலேயே குறட்டைக்குப் போய்விட்டார். பிறகு கிண்ணக்காரம்மா தோல் சுற்றிய கட்டையை எடுத்து, எல்லாவற்றிலும் பெரிய கிண்ணத்தின் விளிம்பில் வைத்து, மாவாட்டுவதுபோலச் சுற்றினாள்.

ம்ம்ம்ம் என்று கீழிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. தரையில் பரவி, அட்டை வழியாக முதுகுத் தண்டில் ஏறியது. டார்ச் அக்காவின் இன்னொரு கண்ணும் திறந்துகொண்டது. குளிர் அறைக் கதவின் பஸ்ஸர் இப்படியேதான் கத்தும். கதவு சரியாகச் சாத்தாமல் கொஞ்ச நேரம் கிடந்தால், சுவருக்குள் வண்டு அடைபட்டதுபோல இதே அடித்தொண்டையில் முனகும். அந்தச் சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் இங்கே வேலை செய்கிறவன் கை பஸ்ஸர்ப் பெட்டியைத் தேடும். லோடு ஏற்றும்போது கதவு அடிக்கடி திறக்கும், பஸ்ஸர் உயிரை வாங்கும். அதனால் ஏற்றுவதற்கு முன்னால் அதன் வாயை அடைக்க ஒரு பொத்தானை அழுத்துவார்கள். ஊமைப் பொத்தான் என்று அதற்குப் பெயர். ஏற்றி முடித்ததும் மறுபடி அழுத்தி வாயைத் திறந்துவிட வேண்டும். இன்சுலின் கெட்ட அன்று காலையில் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரோ ஊமையாக்கிவிட்டு அப்படியே போயிருக்கிறார்கள்.

பெரிய கிண்ணம் சுற்றச் சுற்ற ஹாலே அந்த முனகலில் மூழ்கியது. அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. தூக்கத்தில் குழைந்த குரல். பக்கத்தில் இருக்கிற யாரிடமோ ரகசியமாகச் சொல்வதுபோல ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது.

“அணைச்சுட்டேன். தூங்கட்டும், பாவம்.”

அவ்வளவுதான். கிண்ணக்காரம்மாவின் கை ஒரு நொடி நின்று மறுபடி சுற்றியது. டார்ச் அக்கா தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் எல்லா வாயும் மூடியிருந்தது. கிண்ணத்தின் முனகலில் குரல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதே பிடிபடவில்லை. நாலு மூலையிலிருந்தும் வந்த மாதிரி இருந்தது.

தூங்கட்டும் என்றால் யார் தூங்கட்டும்? அவளுக்கு அது தெரியும். அவளுக்கு மட்டும் தெரியும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த இரவில் கடைசி லோடு போன பிறகு, குளிர் அறையை ஒட்டிய கண்ணாடித் தடுப்புக்குள் அவள் மேசையில் தலை வைத்தாள். சும்மா கண்ணை மூடுவோம் என்றுதான். நிமிர்ந்தபோது ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே வெளுத்திருந்தது, கன்னத்தில் பேனா மூடியின் தடம் பதிந்திருந்தது. அதற்குள் பகல் ஷிப்டுக்காரன் வெப்பமானியைப் பார்த்துவிட்டுக் கூச்சல் போட ஆரம்பித்திருந்தான்.

“ராத்திரி பூரா கண்ணை மூடல சார்,” என்று மேனேஜரிடம் சத்தியம் செய்தாள். “பஸ்ஸர் அடிச்சிருந்தா எனக்குக் கேட்டிருக்கும். அடிக்கவே இல்லை.” இதில் இரண்டாவது பாதியை அவளே நம்பினாள். ஷிப்டில் தூங்கிய சூப்பர்வைசருக்கு அந்தக் கிடங்கில் மன்னிப்பு என்பதே கிடையாது. அடுக்குகிறவளாக உள்ளே வந்து, கால் வீங்கி, கையில் டார்ச் வாங்க அவளுக்கு ஆயுசில் பாதி போயிருந்தது. புருஷன் என்று ஒருவன் இருந்தான், இப்போது இல்லை. இந்த வேலையும் போனால் தங்கச்சி வீட்டுக் கூடத்தில் பாயை விரித்துக்கொண்டு, அவள் போடுகிற சோற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அதைவிடக் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

அவள் தூங்கியதைப் பார்த்த ஒரு ஆள் மற்ற நாலு அட்டைகளில் ஒன்றில் படுத்திருக்கிறான், அல்லது இருக்கிறாள். பார்த்துவிட்டு இத்தனை நாளும் வாயைத் திறக்காத ஆள். திறக்காமல் எதற்காக வைத்திருக்கிறான் என்பதுதான் கேள்வி.

கிண்ணக்காரம்மா கைமணி ஒன்றை ஆட்டி எல்லோரையும் எழுப்பினாள். மேனேஜர் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்து, “ஆஹா, உடம்பே லேசாயிடுச்சு. இல்ல?” என்றார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை என்பது மட்டும் உறுதி.

அவர் போன பிறகு ஹாரன் அட்டையை மடித்துக்கொண்டே கேட்டான்: “யாரு பாவம் பார்த்தது? இந்தக் கிடங்குல பாவம் பார்க்கிற ஆள்கூட இருக்கானா?”

“என்னைப் பார்க்காதே,” என்றாள் டேப்பம்மா. “நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“முழிச்சிருந்தவங்க சொல்லுங்க, யாரு குரல்?”

“கிண்ணம் சத்தம்தான் காதை அடைச்சுதே. ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியல.”

மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு, “என்ன குரல்?” என்றான். எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் மேனேஜருக்கு அடுத்தபடியாகத் தூங்கிவிட்டவன்.

டார்ச் அக்கா சிரிக்கவில்லை. என்ன குரல் என்று கேட்கிறவன்தான் முதல் சந்தேகத்துக்கு உரியவன் என்று நினைத்தாள். பிறகு, காதில் விழவில்லை என்று சொல்கிறவளும்தான் என்று நினைத்தாள். பிறகு, யார் யார் என்று துருவித் துருவிக் கேட்கிறவன் மட்டும் யோக்கியனா என்றும் நினைத்தாள். மடியில் கனம் இருந்தால் வழியெல்லாம் திருடனாகத்தான் தெரியும்.

ஹாரனை முதலில் கழித்தாள். அந்த இரவில் அவன் கடைசி லோடோடு கிளம்பிப் போனவன், விடிந்துதான் திரும்பினான். ஆனாலும் டீ மிஷின் பக்கத்தில் அவனை மடக்கி, “வண்டியை எடுத்துட்டு மறுபடி உள்ள வந்தியா?” என்று கேட்டாள்.

“எதுக்கு வரணும்? என் சீட்டு என்ன, குளிர் அறையிலா இருக்கு?” என்றவன், டீயை ஊதிக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தான். “அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. அணைச்சவனைத்தான் எல்லாரும் தேடுறோம். தூங்கினது யாருன்னு ஒருத்தரும் தேடலையே?”

“குடிச்சுட்டு வண்டியைக் கழுவு,” என்றாள்.

டேப்பம்மா இன்னும் கஷ்டம். அவள் டார்ச் அக்காவுக்கு முன்பே கிடங்குக்கு வந்தவள், ஒருமையில்தான் பேசுவாள்.

“நான் அணைச்சிருந்தா, தூங்கினவளை உலுக்கி எழுப்பி, மூஞ்சியில தண்ணி அடிச்சுட்டு அப்புறம்தான் அணைப்பேன்,” என்றாள் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே. “பாவம்னு சொல்ற ரகமா நானு?”

“தூங்கினவளைன்னு சொல்றீங்க. பொம்பளைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

டேப்பம்மா கையை நிறுத்தினாள். அவளை நேராகப் பார்த்தாள். “யாரும் சொல்லலடி. நீ இப்ப கேட்ட கேள்விதான் சொல்லுது.”

டார்ச் அக்கா வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினாள்.

மிச்சம் இருந்தது மாப்பிள்ளை. அவனை அவள் கடைசிக்கு வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. அவனை இங்கே சேர்த்துவிட்டவளே அவள்தான், தங்கச்சியின் அழுகைக்காக. சேர்த்த நாளிலிருந்து அவனை அவளுக்குப் பிடிக்கவும் இல்லை. சோம்பேறியாக இருந்தால்கூடச் சமாளித்திருப்பாள். அவன் கேட்காமல் உதவி செய்கிறவன். டேப்பம்மாவின் டிராலியைத் தானே தள்ளிக்கொண்டு போவான், ஹாரனின் லாரிக் கண்ணாடியைத் துடைத்து வைப்பான். கேட்காமல் கொடுக்கிறவன் ஒரு நாள் கேட்பான் என்பது அவள் தன் புருஷனிடம் கற்ற பாடம். அந்த மனுஷன் அப்படித்தான் கொடுத்துக் கொடுத்து, கடைசியில் வீட்டையே கேட்டான். இன்சுலின் கெட்ட பிறகு மேனேஜரிடம், “பேக்கிங் ஆளுங்கதான் சார் உள்ள போய் வந்துட்டிருந்தாங்க,” என்று அவள் ஒரு வார்த்தையைப் போட்டு வைத்தபோது அவன் முகம்தான் மனதில் இருந்தது.

ஆனால் உண்மையிலேயே அவன்தான் என்றால்? அவனைப் பிடித்தால் அவன் வாயிலிருந்து அவள் பெயர் வரும். பிடிக்காமல் விட்டால் அவன் மடியில் அவள் வேலை கிடக்கும்.

அன்றே அவள் வாசலில் நின்ற கிண்ணக்காரம்மாவிடம் போனாள். அந்த அம்மாள் கிண்ணங்களைத் துணியில் சுற்றி, குழந்தைகளைப் படுக்க வைப்பதுபோல ஒவ்வொன்றாகக் காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, பெரிய கிண்ணம் சுத்தும்போது ஒரு பேச்சு வந்துச்சே, எந்தப் பக்கத்துலேர்ந்து?”

“படுத்திருக்கிறவங்க பேசறதை நான் காதுல வாங்கறதில்லை. அழுவாங்க, சிரிப்பாங்க, திட்டுவாங்க. ஒருத்தர் பாட்டே பாடினார்.”

“கை நின்னுச்சே உங்களுக்கு.”

“கை வலிச்சுது.” அவள் பெரிய கிண்ணத்தின்மேல் துணியை இழுத்து மூடினாள்.

“அடுத்த வாரமும் வர்றீங்கல்ல? பெரிய கிண்ணத்தையே ரொம்ப நேரம் சுத்துங்க. எல்லாருக்கும் அதுதான் பிடிச்சுது.”

கிண்ணக்காரம்மா அவளை ஒரு நோட்டம் விட்டாள். “நீங்க ஓய்வெடுக்க வர்றீங்களா, ஆளைப் பிடிக்க வர்றீங்களா?”

“என்ன பேச்சு பேசறீங்க!”

“பிடிக்கிற இடத்துல கிண்ணம் வேலை செய்யாதும்மா. இன்னிக்கே ஒரு கண்ணைத் திறந்துதான் வெச்சிருந்தீங்க.” கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினாள். காசுக்கு வருகிறவள், ஒற்றுக்கும் வருகிறவளோ என்று டார்ச் அக்காவுக்கு ஒரு புது அரிப்பு ஆரம்பித்தது. ஹாரன் சொன்ன மைக்கைப் பற்றிக்கூட வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் யோசித்தாள்.

அடுத்த வாரம் அதே ஹால், அதே அட்டைகள். இந்த முறை நடந்த கூத்தை யாராவது மாடியிலிருந்து பார்த்திருந்தால் சிரித்தே செத்திருப்பார்கள். ஓய்வெடுக்க வந்த ஒருவருக்கும் தூங்கத் துணிச்சலில்லை. ஹாரன் வாயில் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு படுத்தான். “இருமல்,” என்றான் கேட்டதற்கு. டேப்பம்மா தொடையைக் கிள்ளிக்கொண்டே கிடந்தாள். குமிழ் பிளாஸ்டிக் ஓயாமல் வெடித்தது, பொரி பொரிவதுபோல. கிண்ணக்காரம்மா பெருமூச்சு விட்டாள்.

பெரிய கிண்ணத்தை அவள் மடியில் எடுத்து வைக்கும்போது மேனேஜரின் போன் அதிர்ந்தது. அவர் எழுந்து, காதில் வைத்துக்கொண்டு, “சார்… சார்… இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள ஒரு பேர் சொல்லிடறேன் சார்,” என்றபடி தன் அறைக்குப் போய்விட்டார். அது எல்லோர் காதிலும் விழுந்தது. ஹாலில் இருந்த மூச்செல்லாம் ஒரு கணம் நின்றது.

ஒரு மூச்சைத் தவிர. மாப்பிள்ளை ஒருக்களித்துப் படுத்து, கையை மடக்கித் தலைக்கு வைத்து, குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் கைக்குழந்தை. தங்கச்சி பகலில் துணிக்கடைக்குப் போகிறாள். இரவெல்லாம் பெட்டி அடுக்கிவிட்டுப் பகலெல்லாம் தொட்டில் ஆட்டுகிறவனுக்கு அட்டை என்ன, ஆணி என்ன.

கிண்ணம் முனக ஆரம்பித்தது. டார்ச் அக்கா முழங்கையை ஊன்றி எழுந்து, அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். மறைக்கவே இல்லை. கிண்ணக்காரம்மா பார்த்தாள், பார்க்கட்டும். முனகல் ஏறியது. மாப்பிள்ளையின் புருவம் சுருங்கியது. தலைக்கு அடியிலிருந்த கை மெல்ல உருவி வெளியே வந்து, எதிரே காற்றில் எதையோ தேடி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தியது.

“அணைச்சுட்டேன்,” என்றான். உதடு அசைவதைக் கண்ணால் பார்த்தாள். “தூங்கட்டும், பாவம்.”

கை தொப்பென்று விழுந்தது. பக்கத்து அட்டையில் டேப்பம்மாவின் இரண்டு கண்ணும் திறந்திருந்தன.

முடிந்து எழுந்தபோது டேப்பம்மா அவள் காதோரம் சொன்னாள்: “நான் சொல்ல மாட்டேன். இவன் என் டிராலியைத் தள்ளினவன். ஆனா ஹாரனும் கேட்டிருப்பான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? என்ன செய்யறதா இருந்தாலும் சாயந்திரத்துக்குள்ள செய்.”

சைக்கிள் ஸ்டாண்டில் மாப்பிள்ளையைப் பிடித்தாள். அவன் சாவியைப் போட்டுப் பூட்டோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தான்.

“மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு ஊமையை அழுத்தினது நீங்கதானே?”

அவன் நிமிர்ந்தான். மறுப்பான் என்று எதிர்பார்த்திருந்தாள். மறுத்தால் எப்படி மடக்குவது என்று வார்த்தைகூட எடுத்து வைத்திருந்தாள்.

“ஆமாக்கா,” என்றான். “நீங்க தூங்கிட்டிருந்தீங்க. மேசையில தலை வெச்சு, வாயைத் திறந்துகிட்டு. பஸ்ஸர் கத்துச்சு. எழுந்துடப் போறீங்களேன்னு ஓடிப் போய் அமுக்கினேன். கதவையும் நல்லாத் தள்ளித்தான் விட்டேன். ஒட்டிக்கிச்சுன்னு நினைச்சேன். ரப்பர் மடங்கியிருந்திருக்கும் போல. திரும்ப ஊமையை எடுத்துவிட மறந்தே போயிட்டேன்.”

“ஏன் இத்தனை நாள் சொல்லல?”

“எப்படிச் சொல்றது? ஏன் அமுக்கினேன்னு கேப்பாங்க. நீங்க தூங்கினது வெளியே வந்துடுமே.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் என்ன இருக்கிறது என்று அவள் தேடினாள். பல்தான் இருந்தது.

“இது வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. உங்க தங்கச்சிகிட்டகூடச் சொல்லல.”

தங்கச்சியிடம்கூட. அந்த ‘கூட’ அவள் காதில் முள்ளாகத் தைத்தது. சொல்லவில்லை என்றால், சொல்ல முடியும் என்று அர்த்தம்.

“சரி. உங்களுக்கு என்ன வேணும்?”

“என்ன வேணும்னா?”

“சும்மா சொல்லுங்க.”

அவன் விழித்தான். உண்மையிலேயே புரியாதவன்போலத்தான் விழித்தான். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு, “ஆங், வேணும்னா… பகல் ஷிப்டு கேட்டிருந்தேனே அக்கா, அது என்னாச்சு? குழந்தைக்கு இப்ப பல் முளைக்குது, பகல்ல தூங்கவே விட மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மேனேஜர் கேப்பார்,” என்றான்.

வந்துவிட்டது. அவளுக்கு ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆளுக்கு ஒரு விலை உண்டு, இவனுடையது இது. இன்றைக்குப் பகல் ஷிப்டு. நாளைக்கு வேறொன்று. அதற்கு அடுத்தது டார்ச்சையே கேட்பான். சிரித்துக்கொண்டே கேட்பான், அக்கா அக்கா என்று கேட்பான், தூங்கட்டும் பாவம் என்று சொன்ன அதே குரலில்.

“பார்க்கிறேன்,” என்றாள். “கொஞ்ச நேரம் இருங்க, வீட்டுக்குப் போயிடாதீங்க.”

அவன் பூட்டை விட்டுவிட்டு, தலையாட்டி, ஸ்டாண்டின் குழாயில் சாய்ந்து நின்றான். பகல் ஷிப்டுக்காகத்தான் மேனேஜரிடம் போகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

மேனேஜர் அறையில் அவள் உட்காரவில்லை. “சார், ஊமையை அமுக்கினது என் தங்கச்சி புருஷன். அவரே ஒத்துக்கிட்டார். சொந்தக்காரர்னு நான் மறைச்சேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது, அதான் நானே வந்து சொல்றேன்,” என்றாள். முந்திக்கொண்டவன் சொல் அம்பலம் ஏறும். தூங்கின கதையை இனி அவன் சொன்னாலும், மாட்டிக்கொண்டவன் பழியைத் திருப்பிப் போடுவதாகத்தான் ஆகும். வருகிற வழியிலேயே இத்தனையும் கணக்குப் போட்டு முடித்திருந்தாள்.

மேனேஜர் நெற்றியைத் தடவினார். ஒரு பெயர் கிடைத்ததில் அவர் முகம் தெளிந்ததை அவள் கவனித்தாள். மாப்பிள்ளையைக் கூப்பிட்டனுப்பினார்.

அவன் உள்ளே வந்தபோது முகத்தில் இன்னும் அந்தப் பகல் ஷிப்டு இருந்தது.

“என்னப்பா, பஸ்ஸரை நீதான் நிறுத்தினியா?”

அவன் மேனேஜரைப் பார்த்தான். டார்ச் அக்காவைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. ஏதோ சேதி சொல்லப் போகிறாள், அதற்குள் குறுக்கே பேசக் கூடாது என்று காத்திருப்பவனைப்போல நின்றான். அவள் மேசையிலிருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்தாள். அதில் ஒரு பேனாவுக்கு மூடி இல்லை.

“ஆமா சார்,” என்றான்.

“ஏன் நிறுத்தினே?”

இதோ வரப் போகிறது. அவள் பதிலைத் தயாராக வைத்திருந்தாள்: ‘பார்த்தீங்களா சார், என் தலையில கட்டப் பார்க்கிறார்.’ நாக்கு நுனியில் அது உட்கார்ந்திருந்தது.

மாப்பிள்ளை கழுத்திலிருந்த கார்டை நேராக்கினான். “சத்தம் தொந்தரவா இருந்துச்சு சார்,” என்றான்.

“தொந்தரவா! இன்சுலின்பா அது. எத்தனை பேரோட உசுரு…” மேனேஜர் அதற்கப்புறமும் நிறையப் பேசினார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். வேறு எதையும் சொல்லவில்லை. ஒருமுறைகூட அவள் பக்கம் திரும்பவில்லை.

டார்ச் அக்காவின் நாக்கு நுனியில் இருந்த பதில் அங்கேயே கிடந்து கசந்தது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. எதற்கும் வைத்திருக்கவில்லை. பகல் ஷிப்டு என்றால் வெறும் பகல் ஷிப்டு. எத்தனையோ நாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததை அன்றும் ஒருமுறை கேட்டான், அவ்வளவே. இப்போது அவள் வாயைத் திறந்து, ‘நான்தான் சார் தூங்கிட்டேன்,’ என்று சொன்னால் போதும். மூன்றே வார்த்தை. மேனேஜர் மூச்சு வாங்க நிறுத்தியபோது அதற்கு இடமும் கிடைத்தது. அந்த இடத்தில் அவள் தொண்டையைச் செருமினாள். மேனேஜர் அவளைப் பார்த்தார்.

“ஒண்ணுமில்ல சார். சொல்லுங்க.”

“கார்டை வாங்கிட்டு நீங்களே வாசல்ல விட்டுட்டுப் பூட்டிடுங்க. கார்டு வாங்கின ஆள் உள்ள நிக்கக் கூடாது, ரூல் தெரியும்ல?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சொந்தம்னுகூடப் பார்க்காம நின்னீங்க பாருங்க, இந்த நேர்மை யாருக்கு வரும்!” என்றார்.

அவனை முன்னால் விட்டு வாசலுக்குப் போகும் நடையில் நடந்தாள். ஹாலில் டேப்பம்மா இன்னும் வீட்டுக்குப் போகாமல் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். டேப்பை இழுக்கிற சத்தம் அவர்கள் கடந்து போகும்வரை நின்று, பிறகு தொடர்ந்தது. தங்கச்சிக்கு இவன் என்ன சொல்வான் என்று டார்ச் அக்கா யோசித்தாள். இங்கே சொல்லாதவன் அங்கே சொல்வானோ? இங்கே சொல்லாமல் இருந்ததே அங்கே சொல்வதற்குத்தானோ? நல்லவன் என்று தெரிந்த பிறகும் மனசு விடவில்லை. நல்லவன் என்பதால் இன்னும் அதிகமாகப் பயமாக இருந்தது.

இரும்புக் கதவருகே அவன் கழுத்திலிருந்து கார்டைக் கழற்றிக் கொடுத்தான்.

“லாக்கர்ல என் குடை இருக்குக்கா. மழை இல்ல. அப்புறமா வந்து வாங்கிக்கிறேன்.”

அப்புறமா எதற்கு? குடையைச் சாக்கு வைத்துத் திரும்பி வருவான். மேனேஜரைப் பார்ப்பான். “வேணாம், இங்கேயே நில்லுங்க,” என்று சொல்லிவிட்டுப் போய் லாக்கரைத் திறந்தாள். கறுப்புக் குடை ஒன்றும், காய்ந்த சோப்புத் துண்டு ஒன்றும் இருந்தன. குடையை அங்கேயே விரித்துப் பார்த்தாள். உதறினாள். எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு கம்பி மட்டும் வளைந்திருந்தது.

திரும்பியபோது அவன் நடையின் அந்தப் பக்கத்திலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“உள்ள ஒண்ணும் இல்லக்கா,” என்றான்.

குடையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினான். வெயில் சுள்ளென்று அடித்தது. ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுத்துத் தள்ளிக்கொண்டு தெருவில் கொஞ்ச தூரம் போனான். திரும்பிப் பார்ப்பானோ என்று அவள் நின்றாள். பார்த்தால் அதற்கு என்ன அர்த்தம், பார்க்காவிட்டால் என்ன அர்த்தம் என்று இரண்டையும் யோசித்துக்கொண்டே நின்றாள்.

அவன் திருப்பத்துக்குப் போவதற்கு முன்பே இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, தாழைப் போட்டு, சாவியைத் திருப்பிப் பூட்டினாள்.